"எனக்கு ஊசி புடிக்காதுங்க": பல் டாக்டரிடம் வர மறுத்த ஒருவரைப் பற்றிய நிகழ்வு ஆய்வு

பல்லுக்குப் போட்ட கம்பியை மாதாமாதம் இறுக்கிக்கொள்ள வரும் பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி. அவளுடைய அப்பாதான் பைக்கில் கொண்டுவந்து விடுவார். ஐந்து மாதமாக அவரைப் பார்த்திருக்கிறேன், ஆனால் ஒருமுறைகூட கிளினிக் படியேறியதில்லை. எதிரே இருக்கும் பேக்கரி வாசலில் நின்று டீ குடிப்பார். பணம் கட்ட வேண்டியிருந்தால் மகளிடமே கொடுத்தனுப்புவார்.

ஆறாவது மாதம் ஜன்னல் வழியே பார்த்தேன். கையில் டீ கிளாஸ் இல்லை. ஃபிரிட்ஜிலிருந்து அப்போதுதான் எடுத்த ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் இருந்தது. இரண்டு நிமிடத்துக்கு ஒருதரம் ஒரு வாய் எடுத்து, விழுங்காமல் இடது கன்னத்தில் ஒதுக்கி, தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றார்.

இந்தக் கோலத்தைப் பார்த்தாலே எந்தப் பல் டாக்டருக்கும் விஷயம் புரிந்துவிடும். சொத்தை உள்ளே இறங்கி, பல்லின் நடுவிலிருக்கும் கூழும் நரம்பும் வீங்கி, திரும்பிச் சரியாகாத கட்டத்துக்குப் போயிருக்கிறது. அந்தக் கட்டத்தில் சூடு பட்டால் உயிர் போகும், குளிர்ந்த நீர் பட்டால் கொஞ்ச நேரம் அடங்கும். அதனால்தான் பாட்டிலும் கையுமாக அலைவார்கள். ராத்திரி படுத்தால் இன்னும் அதிகமாகும். "அப்பா நேத்து நைட்டெல்லாம் உக்காந்துட்டே இருந்தாருங்க மேடம்" என்றாள் மகள்.

இவரைப் பற்றி எழுத அவரிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன். அடையாளம் தெரியாமலிருக்க சில விவரங்களை மாற்றியுமிருக்கிறேன். வயது 46. கோயம்புத்தூரில் சின்ன லேத் பட்டறை வைத்து, பம்ப்செட்டுக்கான உதிரி பாகங்கள் கடைந்து கொடுப்பவர். அவர் தொழில் என்னவென்பது இந்தக் கதைக்கு முக்கியம், அதனால் அதை மட்டும் மாற்றவில்லை.

முதல் நாள், நாற்காலிக்கு வெளியே

மகளை அனுப்பிக் கூப்பிட்டேன், வரவில்லை. மனைவிக்குப் போன் போனது, அவர் வந்து கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். சிகிச்சை நாற்காலி இருக்கும் அறைக்குள் வரமாட்டேன் என்று வாசலிலேயே நின்றுவிட்டார். சரி, வரவேற்பறை பெஞ்சிலேயே உட்கார்ந்து பேசலாம் என்றேன். ரத்த அழுத்தம் 164/98. வீட்டில் எப்போது பார்த்தாலும் சரியாகத்தான் இருக்கும் என்றார் மனைவி.

"என்னங்ணா பிரச்சினை?"

"எனக்கு ஊசி புடிக்காதுங்க மேடம்."

நான் கேஸ் ஷீட்டில் 'ஊசி பயம்' என்று எழுதினேன். இந்த ஆய்வில் நான் செய்த பெரிய தப்பு அந்த இரண்டு வார்த்தைகள்தான். அடுத்த இருபது நிமிடம் ஊசி எவ்வளவு மெல்லியது, குத்தும் இடத்தில் முதலில் ஜெல் தடவி மரக்க வைப்போம் என்றெல்லாம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தவர் கடைசியில், "குத்துறதெல்லாம் ஒண்ணுமில்லைங்க. பட்டறையில இரும்புச் சிலும்பு கையில ஏறாத நாளே இல்லை. நான் சொன்னது, எனக்கு ஊசி புடிக்காதுங்க. துணிக்குச் சாயம் புடிக்கலைங்கறாங்கல்ல, அந்த மாதிரி" என்றார்.

மரக்க வைக்கும் மருந்து தன் உடம்பில் ஏறாது என்பதைத்தான் அவர் முதல் வாக்கியத்திலேயே சொல்லியிருக்கிறார். நான்தான் வேறு 'பிடிக்காது'வைக் கேட்டுவிட்டேன்.

பயத்தை அளக்க ஐந்து கேள்விகள் கொண்ட ஒரு அளவுகோல் இருக்கிறது. நார்மன் கோரா 1969-இல் நான்கு கேள்விகளோடு தொடங்கியது. 1995-இல் ஜெர்ரி ஹம்ப்ரிஸும் உடன் பணியாற்றியவர்களும் மரக்கும் ஊசி பற்றிய ஐந்தாவது கேள்வியைச் சேர்த்தார்கள். நாளைக்குப் பல் டாக்டரிடம் போகவேண்டும் என்றால் எப்படியிருக்கும், காத்திருக்கும்போது, பல்லைக் குடையப்போகும்போது, சுத்தம் செய்யும்போது, ஈறில் ஊசி போடும்போது எப்படியிருக்கும் என்பவை அந்தக் கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை. மொத்தம் 19-ஐத் தொட்டால் கடுமையான பயம் என்று எடுத்துக்கொள்வோம்.

இவருக்கு 22 வந்தது. எனக்கு மொத்தத்தைவிட உள்விவரம்தான் ஆச்சரியமாக இருந்தது. எல்லாவற்றுக்கும் 4, 5 என்று சொன்னவர், குடைவதற்கு மட்டும் 3 போட்டார். பெரும்பாலானவர்கள் உச்சமாகச் சொல்வது அதைத்தான். கேட்டால், "டிரில்லு என்னங்க, நாள் முழுக்க அதோடதான கெடக்குறேன்" என்றார்.

பழைய கதை அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. ஒன்பது வயதில் மாமா காலைப் பிடித்துக்கொள்ள ஒரு பால் பல்லைப் பிடுங்கியிருக்கிறார்கள். அதை அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சிரிக்காமல் சொன்னது 31 வயதில் நடந்தது. கீழ் வலது கடைவாய்ப் பல். பத்து நாள் வலியோடு இழுத்துவிட்டு ஒரு கிளினிக்குக்குப் போயிருக்கிறார். இரண்டு ஊசி போட்டார்கள். உதடு மரத்துவிட்டது, பல் மரக்கவில்லை. சொன்னார். "உதடு மரத்துருச்சுல்ல, அப்ப பல்லும் மரத்துருச்சு" என்று பதில் வந்தது. இடுக்கி வைத்ததும் கையைத் தூக்கினார். "கையைக் கீழ விடுங்க" என்றார்களாம். அதற்கப்புறம் பதினைந்து வருடம் எந்தப் பல் கிளினிக் உள்ளேயும் அவர் போகவில்லை.

அவர் சொன்னது உண்மையா?

அன்று ராத்திரி நான் யோசித்துக்கொண்டிருந்தது இதைத்தான். 'எனக்கு மரக்காது' என்று நோயாளி சொன்னால், பயத்தில் சொல்கிறார் என்று ஒதுக்கிவிடும் பழக்கம் எங்கள் தொழிலில் உண்டு. நானும் ஒதுக்கியிருக்கிறேன்.

ஆனால் மருந்தியல் அவர் பக்கம்தான் நிற்கிறது. கீழ்க்கடைவாய்ப் பல்லை மரக்க வைக்க, தாடைக்குள் நரம்பு நுழையும் இடத்துக்குப் பக்கத்தில் மருந்தை விடுகிறோம். 1884-இல் நியூயார்க்கில் வில்லியம் ஹால்ஸ்டெட் இதே நரம்பை முதலில் கோகெய்ன் கொண்டு மரக்க வைத்தார். இன்று நாங்கள் போடும் லிக்னோகெய்ன், 1943-இல் ஸ்வீடனில் நில்ஸ் லோஃப்கிரென் உருவாக்கியது. சாதாரணப் பல்லுக்கு இந்த முறை நன்றாகவே வேலை செய்யும். கூழ் வீங்கிக் கொதித்துக்கொண்டிருக்கும் பல்லுக்கு அப்படியில்லை. நரம்பிழையில் மருந்து போய் அடைக்கவேண்டிய, வலியைக் கடத்தும் சோடியம் வழிகளே அழற்சியில் மாறிவிடுகின்றன, மருந்துக்குச் சட்டென்று அடங்குவதில்லை. இப்படிப்பட்ட கீழ்க்கடைவாய்ப் பற்களில் ஒரே ஒரு ஊசி ஏறக்குறைய பாதிப் பேருக்கு, சில ஆய்வுகளில் அதற்கும் மேலானவர்களுக்கு, முழுதாகப் பிடிப்பதில்லை. உதடு மரத்திருப்பதை வைத்துப் பல்லும் மரத்துவிட்டதாக எடுத்துக்கொள்ள முடியாது. ஊசி சரியான இடத்தில் விழுந்திருக்கிறது என்பது மட்டும்தான் அதற்கு அர்த்தம்.

இப்போது அவர் வாழ்க்கையைச் சேர்த்துப் பாருங்கள். பயத்தால் தள்ளிப்போடுகிறார். பல் முற்றுகிறது. தாங்க முடியாதபோதுதான் வருகிறார். அந்த நேரத்தில்தான் ஊசி மிகக் குறைவாக வேலை செய்யும். வலிக்கிறது, பயம் கூடுகிறது, இன்னும் அதிகமாகத் தள்ளிப்போடுகிறார். ஸ்வீடனின் யோத்தபோரி நகரத்தில் உல்ஃப் பெரிக்ரென் 1984-இல் விவரித்த பல் பயச் சுழல் ஏறக்குறைய இதுதான். அவர் அதில் வெட்கத்தையும் சேர்த்தார்: பல் கெட்டுப்போனதே வெளியே சொல்ல முடியாத அவமானமாகி, அதுவே வரவிடாமல் செய்துவிடும். இவரும் வாயைத் திறந்து காட்டும் முன், "திட்டாதீங்க மேடம்" என்றார்.

பயத்துக்கு வழக்கமான வைத்தியம் படிப்படியாகப் பழக்குவது. ஜோசஃப் வோல்பே 1958-இல் வகுத்துக்கொடுத்த வழி அது. ஒரு வாரம் சும்மா வந்து நாற்காலியில் உட்காருவது, அடுத்த வாரம் கண்ணாடிக் கரண்டியை வாயில் வைத்துப் பார்ப்பது என்று போகும். நல்ல முறைதான். ஆனால் ராத்திரி தூங்காமல் ஐஸ் வாட்டரோடு உட்கார்ந்திருப்பவருக்கு எட்டு வாரப் பயிற்சி கொடுக்க முடியாது. அதே நேரம் அன்றைக்கே நாற்காலியில் ஏற்றினால் 31 வயதில் நடந்தது மறுபடி நடக்க நல்ல வாய்ப்பு.

அதனால் ஒரே ஒரு ராத்திரியை அவகாசமாக எடுத்துக்கொண்டேன். வீக்கமோ காய்ச்சலோ இல்லை, வாய் திறக்கிறது, விழுங்க முடிகிறது. இப்படி இல்லாமலிருந்தால் ராத்திரிகூடக் காத்திருக்க மாட்டேன். தாடைக்கடியில் வீக்கம் பரவினால் அது உயிர் விஷயம், பயத்தைப் பற்றிப் பேசும் நேரமில்லை. வயிற்றுப்புண், ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, ராத்திரிக்குப் பாராசிட்டமாலும், காலையில் சாப்பிட்டபின் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் ஐபூப்ரோஃபென் 400 மில்லிகிராமும் எழுதினேன். இப்படி முன்கூட்டி ஐபூப்ரோஃபென் கொடுத்தால் கொதிக்கும் பல்லில் ஊசி பிடிக்கும் வாய்ப்பு கூடும் என்று ஆய்வுகள் சொல்கின்றன. மெடிக்கல் ஷாப்பில் வாங்கி மூன்று நாளாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஆன்டிபயாட்டிக்கை நிறுத்தச் சொன்னேன். கூழுக்குள் நடக்கும் இந்த வலிக்கு ஆன்டிபயாட்டிக் எதுவும் செய்யாது. பல்வலி என்றதும் ஒரு ஸ்ட்ரிப்பைக் கிழித்துக் கொடுக்கும் இந்தப் பழக்கம் எப்போது நிற்குமோ.

வலியோடு ஒருவரைத் திருப்பி அனுப்பியது சரியா என்று என் கூடப் படித்த டாக்டர் ஒருத்தி பின்னால் கேட்டாள். எனக்கு இன்னும் முழு நிச்சயம் இல்லை. அவர் மறுநாள் வராமலே போயிருக்கலாம்.

இரண்டாம் நாள்

வந்தார். காலை பத்து மணி, அன்றைய முதல் நோயாளி. பதினொன்றரை வரை வேறு யாருக்கும் நேரம் கொடுக்கவில்லை. ரத்த அழுத்தம் 142/88.

நாற்காலியைச் சாய்க்காமல் நிமிர்த்தியே வைத்திருந்தேன். அவர் உட்காரவில்லை. சுற்றிவந்து பார்த்தார். கம்ப்ரஸர் எங்கே என்று கேட்டார். கூட்டிப்போய்க் காட்டினேன். ஆயில் இல்லாத வகை என்பதைத் தட்டிப் பார்த்தே சொல்லிவிட்டார். திரும்பி வந்ததும், பல்லைக் குடையும் கருவியான ஏரோட்டரைக் கையில் கொடுத்தேன்.

"ஆர்.பி.எம். எத்தனைங்க?"

"மூணு லட்சத்துக்கு மேல."

நம்பவில்லை. அவருடைய லேத் அதிகபட்சம் ஓடுவது ஆயிரத்துச் சொச்சம். கியர் கிடையாது, காற்று மட்டுமே சின்ன டர்பைனைச் சுழற்றுகிறது, 1957-இல் ஜான் போர்டன் என்ற அமெரிக்கப் பல் டாக்டர் சந்தைக்குக் கொண்டுவந்தது என்று சொன்னேன். அவர் அந்த வரலாற்றைக் காதில் போட்டுக்கொண்ட மாதிரி தெரியவில்லை. பேரிங் எத்தனை எம்.எம்., எத்தனை மாதம் வரும் என்பதுதான் அவருக்கு வேண்டும். தண்ணீர் பீச்சுவது எதற்கு என்று நான் சொல்லும் முன்பே, "கூலன்ட்டு" என்றார். அதேதான். தண்ணீர் இல்லாமல் ஓட்டினால் பல் வெந்துவிடும்.

குழந்தைகளுக்குச் சொல்லிக்காட்டிச் செய்யும் முறை என்று 1959 முதலே பாடத்தில் இருக்கிறது: முதலில் சொல், பிறகு காட்டு, அப்புறம் செய். 46 வயதுக்காரரிடம் அதைச் செய்தால் சின்னப்பிள்ளை மாதிரி நடத்துவதாக நினைப்பாரோ என்று தயங்கினேன். அவர் தொழில் என்னைக் காப்பாற்றியது. நாங்கள் இரண்டு மெஷின்காரர்களாகப் பேசிக்கொண்டிருந்தோம்.

"எதுக்குங்ணா பயம்னு இப்பவாச்சும் சொல்லுங்க" என்றேன். "பட்டறையில ஜாப் கழண்டுச்சுன்னா, டூல் ஒடைஞ்சுச்சுன்னா, செவப்பு பட்டன் இருக்குதுங்க. ஒரு தட்டு, நின்னுரும். இங்க பட்டன் உங்க கால்ல இருக்குது" என்றார். ஏரோட்டரை இயக்கும் மிதியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

மிதியை அவர் காலுக்குத் தர முடியாது. இடது கையைத் தருகிறேன் என்றேன். அவர் இடது கையை உயர்த்தினால் என் காலை எடுத்துவிடுவேன், காரணம் கேட்கமாட்டேன், 'இன்னும் கொஞ்சம்தான்' என்று சொல்லமாட்டேன். இதை நிறையப் பேர் நோயாளிகளிடம் சொல்கிறோம். அவர் ஒப்பந்தத்தைச் சோதித்துப் பார்த்தார். வாய்க்கு வெளியே ஏரோட்டரை ஓட்டும்போது ஒருதரம் கையைத் தூக்கினார், நிறுத்தினேன். கண்ணாடிக் கரண்டியை வைத்தபோது ஒருதரம். மூன்றாவது தரம் நான் ஒன்றுமே செய்யாதபோது தூக்கினார். உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து பின்னால் தள்ளிக்கொண்டேன். என் உதவியாளர் கடிகாரத்தைப் பார்த்தாள். எனக்கென்னவோ அந்த மூன்று தடவையும் ஊசியைவிட முக்கியம் என்று பட்டது.

ஊசிக்கு முன் ஈறைத் துடைத்து ஜெல் தடவி இரண்டு நிமிடம் விட்டேன். மருந்தை மெதுவாக, இரண்டு நிமிடம் எடுத்துக்கொண்டு செலுத்தினேன். ஊசி வலிப்பதற்குப் பாதிக் காரணம் மருந்தை அவசரமாகத் தள்ளுவதுதான். இன்னொன்றையும் முன்கூட்டியே சொன்னேன்: "இதுல அட்ரினலின் இருக்கு. கொஞ்ச நேரம் நெஞ்சு படபடன்னு அடிக்கலாம். அது மருந்து பண்ற வேலை. நீங்க பயப்படுறதா நெனச்சுக்காதீங்க." படபடப்பு வந்தது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, "அதுதானுங்களா?" என்றார். அதுதான்.

பத்து நிமிடத்தில் உதடு மரத்துவிட்டது. ஐஸ் குச்சியைப் பல்லில் வைத்தேன். குளிர் வலியை அடக்கும் பல் என்பதால் இதை முழுக்க நம்ப முடியாது, அதனால் மின்சாரத்தால் உணர்வு பார்க்கும் கருவியையும் வைத்தேன். இடது கை உயர்ந்தது.

"பல்லு இன்னும் மரக்கலைங்ணா. நீங்க சொன்னது நெசந்தான். உதட்டுக்குப் புடிச்சிருக்கு, பல்லுக்குப் புடிக்கலை."

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மரத்த உதட்டோடு, "அதத்தாங்க பதினஞ்சு வருசமா சொல்லிட்டிருக்கேன்" என்றார். வாசலில் நின்ற மனைவி புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

அன்றைய சிகிச்சையில் நான் திரும்பத் திரும்ப நினைத்துப்பார்ப்பது இந்த இடத்தைத்தான். ஊசி வேலை செய்யாத அந்த நொடியில்தான் அவர் தோள் நாற்காலியில் படிந்தது.

கன்னப் பக்கம் ஆர்ட்டிகெய்ன் என்ற இன்னொரு மரக்கும் மருந்து ஒன்று, அப்புறம் பல்லுக்கும் எலும்புக்கும் நடுவிலிருக்கும் இடுக்கில் கொஞ்சம். கருவி உச்ச அளவைத் தொட்டும் அவருக்கு உணர்வில்லை. முதல் ஊசியிலிருந்து முப்பத்தைந்து நிமிடம் ஆகியிருந்தது. குடைய ஆரம்பித்தேன். ஏரோட்டர் சத்தத்துக்கு அவர் முகம் சுளிக்கவே இல்லை.

கூழுக்குள் நுழையும்போது கை உயர்ந்தது. நிறுத்தினேன். இனி ஒரே வழி கூழுக்குள்ளேயே நேரடியாக மருந்தைச் செலுத்துவது. "இது வலிக்கும். பத்து எண்ணுறதுக்குள்ள அடங்கிரும். வேண்டாம்னா இன்னைக்கு மருந்து வெச்சு மூடிரலாம்" என்றேன். வலிக்காது என்று பொய் சொல்லியிருந்தால் அன்றைக்கு வேலை முடிந்திருக்கும், அவரை மறுபடி பார்த்திருக்க மாட்டேன். அவரே எண்ணினார். ஏழில் நிறுத்திக்கொண்டார். மரத்துவிட்டது. கூழின் மேல்பகுதியை எடுத்து மருந்து வைத்து மூடினேன். மொத்தம் ஒரு மணி ஐம்பது நிமிடம். பத்து மணிக்குக் கொண்டுவந்த ஐஸ் வாட்டர் பாட்டிலை மேஜைமேலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார்.

கிராம்பு

இரண்டாவது அமர்வு ஒரு வாரம் கழித்து. வலி இல்லை, பல் ஆறியிருந்தது, ஒரே ஊசியில் மரத்தது. எல்லாம் சுலபம் என்று நினைத்தேன். பாதியில் திடீரென்று எழுந்து உட்கார்ந்துவிட்டார். வியர்வை, நாடித் துடிப்பு 112. நான் எதுவும் செய்யவில்லை. அவருக்கும் காரணம் தெரியவில்லை.

பக்கத்து நாற்காலியில் வேறொருவருக்காக உதவியாளர் துத்தநாக ஆக்ஸைடும் யூஜினாலும் குழைத்துக்கொண்டிருந்தாள். யூஜினால் என்பது கிராம்பு எண்ணெயின் சாரம். பல் கிளினிக்குக்கென்று நாம் நினைக்கும் வாசனையே பெரும்பாலும் அதுதான். பயம் உள்ளவர்களுக்கு அந்த வாசனை பட்டாலே உடம்பு அச்சத்தைக் காட்டுவதைப் பிரெஞ்சு ஆய்வாளர்கள் 1998-இல் பதிவு செய்திருக்கிறார்கள். படித்திருக்கிறேன், ஞாபகம்தான் வரவில்லை. மனைவியிடம் கேட்டேன். "பிரியாணியில கிராம்பு வந்தா எடுத்து வெச்சுருவாருங்க" என்றார். எல்லாரும்தானே எடுத்து வைப்பார்கள் என்றேன். "இவரு எலைக்கு வெளியில போடுவாருங்க."

ஜன்னலைத் திறந்தோம். அரைமணி நேரம் பேக்கரிக்குப் போய்விட்டு வந்து, தானாகவே நாற்காலியில் ஏறினார். அன்றிலிருந்து அவர் வரும் நாளில் யூஜினால் பாட்டிலைத் திறப்பதில்லை.

மூன்றாவது அமர்வில் ரூட் கெனால் முடிந்தது, நான்காவதில் கேப். பல்லைச் சுற்றி மாட்டும் ரப்பர் திரை மூச்சடைப்பது போலிருக்கிறது என்றார். எச்சில் உறிஞ்சும் குழாயை அவர் கையிலேயே கொடுத்ததும் பொறுத்துக்கொண்டார்.

மயக்கம் கொடுத்தே செய்திருக்கலாமே என்று கேட்பீர்கள். சிலருக்கு அதுதான் சரி. பதற்றத்தைத் தணிக்கும் வாயுவான நைட்ரஸ் ஆக்ஸைடு வசதியுள்ள இடத்துக்கு அனுப்பவும் தயாராக இருந்தேன். ஆனால் இவருடைய பயமே தன் கையில் பட்டன் இல்லை என்பது. நினைவு மங்கும் மருந்து இருக்கிற கொஞ்ச பிடியையும் எடுத்துவிடும். சொன்னதும், "அது வேண்டாங்க" என்று முடித்துவிட்டார். ஊசியைப் பார்த்தாலே மயங்கி விழுகிறவர்களின் கதை வேறு. அவர்களுக்குத் தொடைத் தசைகளை இறுக்கி ரத்த அழுத்தத்தைத் தாங்கிப்பிடிக்கச் சொல்லித்தர வேண்டும். இவருக்கு அது தேவைப்படவில்லை.

ஒருவரை வைத்து எல்லாருக்கும் விதி சொல்ல முடியாது. முதல் அமர்வுக்குச் செலவான நேரத்தில் நான்கு பேரைப் பார்த்திருப்பேன், அதற்குத் தனியாகக் காசு வாங்க முடியாது. வாரத்துக்கு ஒருவருக்குத்தான் இப்படி நேரம் ஒதுக்க முடிகிறது. அவருக்கு முந்தைய நோயாளிகளில் எத்தனை பேர் 'பிடிக்காது' என்று சொல்லி, நான் எத்தனை பேருக்கு 'ஊசி பயம்' என்று எழுதினேன் என்பதை எண்ணிப்பார்க்க எனக்கு இஷ்டமில்லை.

கேப் போட்ட அன்று அதே ஐந்து கேள்விகளைக் கேட்டேன், 16 வந்தது. ஆறு மாதம் கழித்து 13. ஊசிக்கு 3, காத்திருப்பதற்கு இன்னும் 4. இப்போதும் உள்ளே வருவதற்கு முன் பேக்கரியில் ஒரு டீ குடிக்காமல் வருவதில்லை. நடுவில் ஒரு தடவை வருகிறேன் என்று சொல்லிவிட்டு வரவில்லை, பட்டறையில் வேலை என்றார். நம்பினேன்.

அந்த ஆறாவது மாதம் மேல் வலது பல்லில் ஒரு சின்னச் சொத்தை அடைக்க வேண்டியிருந்தது. மரக்க வைத்துக் குடைந்துகொண்டிருந்தேன். இடது கை உயர்ந்தது. காலை எடுத்தேன், கருவியை வெளியே எடுத்தேன்.

"வலிக்குதுங்களா?"

"இல்லைங்க மேடம். பேரிங் சத்தம் மாறிருக்குது. போன தடவை இப்பிடி இல்லை."

ஏரோட்டரைக் காதருகே வைத்து ஓட்டிப் பார்த்தேன். எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. வேறொன்றை எடுத்து வேலையை முடித்தேன். மறுவாரம் சர்வீஸ்காரர் வந்து கழற்றியபோது பேரிங் தேய்ந்துதான் போயிருந்தது.